அக்காவின் வீட்டுக்கு அத்தான் வந்தார்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவார். வீடு மகளுக்குரியது. ஆண்பிள்ளைகள் உடுப்பைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இன்னொருத்தியின் வீட்டுக்குப் போய்ச்சேர வேண்டியதுதான். நானும் அப்படித்தான், ஆரையம்பதியில் நான் பிறந்த வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கிற என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். அதனால் நாங்கள் வளர்ந்த வீட்டை அம்மா ஒருநாளும் தன் வீடு என்று சொன்னதில்லை. மகன் வீடு என்றும் சொன்னதில்லை. அது அக்காவின் வீடு. அக்கா இந்தியாவுக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலான பிறகும் அது அக்காவின் வீடாகவே இருந்தது.

ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் முன்னால் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்வா. பெரிய அறையை அவ பாவிக்கவே இல்லை. குசினிக்குப் பக்கத்திலிருக்கிற சின்ன அறையில்தான் படுக்கை. ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"நான் இந்த வீட்டுக்குக் காவல்தான் மனே," என்றா. "சொந்தக்காரி வருவாள்."

அந்தச் சொந்தக்காரி வந்த கதையும், அவளோடு வந்த மனிதரின் கதையும்தான் இது. அந்த மனிதர் என் அத்தான். இந்தியப் பட்டாளத்தில் இருந்தவர். பனிமலைப் போர் ஒன்றில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்து, வீரத்துக்கான பதக்கம் வாங்கியவர். அவரை எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். சிரித்துக்கொண்டு சொல்லக்கூடிய கதைதான், ஆனால் சிரிப்புக்கு முன்னால் கொஞ்சம் வேறு விஷயங்களும் இருக்கின்றன.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊரில் சண்டை கடுமையாக இருந்த ஒரு வருடம், சீருடை போட்டவர்கள் அப்பாவை விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தச் சீருடை என்று அம்மா இன்றுவரை பிரித்துச் சொன்னதில்லை. அவவுக்கு எல்லாம் ஒன்றுதான். அப்பா உயிரோடு திரும்பி வந்தார், ஆனால் ஒரு காது கேட்கவில்லை. அதன் பிறகு யாராவது அவரோடு கதைக்கவேண்டுமென்றால் வலப்பக்கமாகச் சுற்றி வரவேண்டும். அடுத்து வந்த சண்டையில் சித்தப்பா குடும்பம் படகில் இராமேசுவரம் போனபோது, குமரிப்பெண்ணை இங்கே வைத்திருக்கப் பயந்து, அக்காவையும் அவர்களோடு அனுப்பினார்கள்.

அக்கா முதலில் முகாமில் இருந்தா. பிறகு வேலூர்ப் பக்கத்தில் பாதிரிமார் நடத்திய ஒரு பட்டறையில் வேலை பழகினா. கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் பட்டறை. அங்கேதான் அத்தான் வந்தார். வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் கிராமம் ஒன்று அவருடையது. முதலில் அவருக்குக் கொடுத்திருந்த கால் சரியாகப் பொருந்தவில்லை. அதைப் போட்டுக்கொண்டே பஸ் தரிப்பிலிருந்து நடந்து வந்து, தோல் உரிந்த காலோடு அக்காவுக்கு முன்னால் உட்கார்ந்தாராம். அக்கா அவரை ஏசினாவாம். இந்தப் புண்ணோடு யாராவது இவ்வளவு தூரம் நடப்பார்களா, ஓட்டோ பிடிக்கத் தெரியாதா என்று. பட்டாளத்தில் பதக்கம் வாங்கிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

அக்கா அச்செடுத்து, புதுக் கால் செய்து கொடுத்தா. அது நன்றாகப் பொருந்தியது. ஆனாலும் அவர் அடுத்த வாரம் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். இங்கே கொஞ்சம் இறுகுகிறது, அங்கே கொஞ்சம் தளர்கிறது என்பார். அக்கா பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். கடைசியில் பட்டறைப் பாதிரியார்தான், கால் சரியாகத்தான் இருக்கிறது, கோளாறு வேறு எங்கேயோ என்று சொல்லி இருவரையும் உட்காரவைத்துக் கதைத்தார். பதிவுத் திருமணம் நடந்தது. எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரும் போகவில்லை. போகக்கூடிய காலமும் இல்லை.

செய்தி எங்களுக்குத் தொலைபேசியில் வந்தது. அப்போதெல்லாம் கடைத்தெருவில் இருந்த கொமினிகேஷன் என்ற தொலைபேசிக் கடைக்குப் போய்த்தான் கதைக்கவேண்டும். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. "ஆமிக்காரனா?" அக்கா ஓம் என்றதும் ரிசீவரை என் கையில் தந்துவிட்டு வெளியே போய் நின்றா. வீட்டுக்கு வந்து அப்பாவின் கேட்கிற காதில் சொன்னா. அப்பா, "அவளுக்குப் புடிச்சிரிக்கு. நமக்கு வேற என்ன வேணும்," என்றார். அம்மா எழுந்து அடுப்பை மூட்டினா. அப்பா போரின் முடிவைப் பார்க்காமலே போய்விட்டார்.

போர் முடிந்த பிறகு அக்கா தனியாக வந்தா. அம்மா அவவின் கைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. பட்டறையில் வேலை செய்து காய்த்துப்போன கைகள். பிறகு அக்கா தன் போனில் ஒரு படம் காட்டினா. அத்தான் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பொய்க்கால் தெரிய, வீட்டு முற்றத்தில் மல்லிகைப் பந்தலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். அம்மா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தா. இந்தக் காலோடு குனிந்து தண்ணீர் ஊற்றுகிறாரா என்று கேட்டா. தினமும் என்றா அக்கா. ஏன் அவரைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்று அம்மா கேட்டது அப்போதுதான்.

இப்போது தயக்கம் அத்தானின் பக்கத்தில் இருந்தது. அப்பாவுக்கு நடந்ததை அக்கா அவரிடம் சொல்லியிருந்தா. அதைக் கேட்டபிறகு அவருக்கு இங்கே வரக் கால் எழவில்லை. அடுத்த வருடம் என்பார், அதற்கடுத்த வருடம் என்பார். பிறகு நோய்க்காலம் வந்தது, அதற்குப் பிறகு இங்கே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. அம்மாவுக்கும் வயது ஏறிக்கொண்டு போனது. போன வருடம் ஒருநாள் காலை அவ என்னிடம் போனை எடுத்து அத்தானோடு நேரே கதைக்க ஒழுங்கு பண்ணச் சொன்னா. நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா சுகம் விசாரிக்கவில்லை, ஒன்றும் இல்லை.

"மருமகன், உங்கட வீட்டுக்கு இவ்வளவு காலமும் நான் காவலிருந்திட்டன்," என்றா. "இனி ஏலாது. வந்து பாரமெடுங்க."

அந்தப் பக்கத்தில் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அம்மா போனைத் திருப்பித் தந்துவிட்டு, பெரிய அறைக்கு ஜன்னல் சீலை வாங்கவேண்டும் என்றா.

அவர்கள் வந்து இறங்கினார்கள். அத்தான், அக்கா, பெங்களூரில் வேலை செய்யும் அவர்களுடைய ஒரே மகள். அத்தான் நான் படத்தில் பார்த்ததைவிட உயரம். நரைத்த மீசை, நேரான முதுகு. வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கியதும் என் கையைப் பிடித்து, "மச்சான், உங்க ஊர்க்காத்துல உப்பு வாசனை வருது," என்றார். காலில் குறை இருக்கிறது என்று தெரியாதவர் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. படியேறும்போது மட்டும் ஒரு சின்ன நிதானம்.

ஆனால் அவரை நான் நேரே அக்காவின் வீட்டுக்குக் கூட்டிப்போக முடியவில்லை. அம்மா தடுத்துவிட்டா. மாப்பிள்ளை முதல்முதல் பெண் வீட்டுக்குள் வருவது முறையோடுதான் நடக்கவேண்டும். பதிவுத் திருமணம் இந்தியாவில் நடந்தது அங்கத்தைய கணக்கு, இங்கத்தைய கணக்கு இன்னும் திறக்கவே இல்லை என்பது அவவின் கட்சி. நாள் பார்த்து, நிறைகுடம் வைத்து, கால் கழுவி அழைக்கும்வரை மருமகன் என் வீட்டில்தான் தங்கவேண்டும். அக்காவுக்குச் சிரிப்பும் வெட்கமும். தலை நரைத்த காலத்தில் என்ன அம்மா இது என்றா. மருமகள், அதாவது அக்காவின் மகள், இதைவிட நல்ல விஷயம் தன் வாழ்க்கையில் நடக்கப்போவதில்லை என்று சொல்லித் துள்ளினாள். தன் அப்பா அம்மாவின் கலியாணத்துக்குப் பெண்தோழியாக நிற்க யாருக்குக் கிடைக்கும்?

ஆக மாப்பிள்ளை என் வீட்டில், பெண் இரண்டு ஒழுங்கை தள்ளித் தன் வீட்டில். சாப்பாடு மட்டும் மூன்று வேளையும் அம்மாவின் குசினியிலிருந்து வந்தது. புட்டும் இறால் பொரியலும், ஆட்டுக்கால் சூப்பும், சட்டித் தயிரும் அதற்கு ஊற்றும் இனிப்புப் பாணியும். என் மனைவி தன் வீட்டில் அடுப்பு மூட்ட ஒரு வழியில்லை என்று முறையிட்டாள். அத்தான் ஒவ்வொரு சட்டியையும் திறந்து பார்த்து, பட்டாளத்தில் இப்படிச் சாப்பாடு போட்டிருந்தால் யாரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டார்கள் என்பார்.

முதல்நாள் பின்னேரம் அம்மா என் வீட்டுக்கு வந்தா. மருமகனைப் பார்க்க வந்ததாக ஒத்துக்கொள்ளவில்லை, வெறும் சட்டிகளை எடுத்துப்போக வந்தேன் என்றா. அத்தான் எழுந்து நின்றார். அம்மா இருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருப்பார் போல, ஒரே மூச்சில் சொன்னார்.

"நானும் சீருடை போட்டவன்தாம்மா. உங்க வீட்டுக்காரருக்கு நடந்ததை இவ சொன்னா. எந்த முகத்தோட வந்து உங்க முன்னால நிக்கிறதுன்னுதான் இத்தனை வருஷம் தள்ளிப் போட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா கதிரையில் உட்கார்ந்தா. சட்டி மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தா.

"நீங்க சண்டைக்குள்ள போய் ரெண்டு பேரத் தூக்கிக்கொண்டு வந்த ஆள் எண்டு மகள் சொன்னாள்," என்றா. "எங்கட மனிசனையும் அண்டைக்கு அப்படி ஒராள் தூக்கிவிட்டிருந்தா எவ்வளவு நல்லம் எண்டு நினைச்சன். அப்படிப்பட்ட ஆள வீட்டுக்க எடுக்காம நான் ஆர எடுக்கிற, மகன்? முதல்ல இரிங்க. கால் நோகும்."

அத்தான் உட்கார்ந்தார். அவ்வளவுதான் அந்தப் பேச்சு. அம்மா சட்டிகளை எடுத்துக்கொண்டு போகும்போது, நாளைக்கு நண்டா கணவாயா என்று கேட்டா.

முறை நடப்பதற்கு முன்னால் மண்டூர் முருகனைக் கும்பிட்டு வரவேண்டும் என்பது அம்மாவின் அடுத்த கட்டளை. குருமண்வெளித் துறையிலிருந்து வாவியைக் கடந்து மண்டூருக்குப் போக ஒரு மிதவை ஓடுகிறது. நாங்கள் அதைப் பாதை என்போம். மோட்டார் சைக்கிளும் ஆட்களும் நெல் மூட்டையும் எல்லாம் ஒன்றாக ஏறிப்போகும். அத்தானுக்கு அதில் நின்றுகொண்டு போவது மிகவும் பிடித்துப்போனது. காற்று சட்டையை ஊதியது. தூரத்தில் ஒரு கூட்டம் நீர்க்காகங்கள் தடிகளில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைத்தன. எவ்வளவு ஆழம், என்ன மீன், உப்புத்தண்ணீரா நல்ல தண்ணீரா என்று பக்கத்தில் நின்ற ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். அவருடைய தமிழைக் கேட்ட ஒருவர், சினிமாவில் கதைப்பதுபோல இருக்கிறது என்றார். அத்தான் பெருமையோடு மீசையைத் தடவினார்.

மண்டூர்க் கரையில் இறங்கும்போதுதான் அது நடந்தது. பாதையின் பலகைக்கும் துறையின் சீமெந்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி. பாதை அலையில் கொஞ்சம் விலகி மறுபடி வந்து முட்டியது. அத்தானின் பொய்க்கால் அதற்குள் அகப்பட்டது. தடி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மூட்டை தூக்க வந்த இருவர் ஓடிவந்து அவரைத் தூக்கிக் கரையில் இருத்தினார்கள். ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக வான் பிடிக்க ஓடினார்.

அத்தான் காற்சட்டையை மடித்து, காலைக் கழற்றி, மடியில் வைத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் காலைச் செருகும் கிண்ணம் மேலிருந்து கீழ்வரை வெடித்திருந்தது. சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்து, வான் வேண்டாம், கார்ப்பெண்டர் இருந்தால் சொல்லுங்கள் என்றார். முதலில் சிரித்தது வான் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தவர்தான்.

கோயிலுக்குப் போகாமல் திரும்புவோம் என்று கூட வந்த அக்கா சொல்லியும் அவர் கேட்கவில்லை. கழற்றிய காலை நான் தோளில் போட்டுக்கொண்டேன். என் மறுதோளைப் பிடித்துக்கொண்டு அவர் வெள்ளை மணலில் ஒற்றைக்காலால் தத்தித் தத்தி வந்தார். வழியில் இரண்டுமுறை நின்று மூச்சு வாங்கினோம். நான் களைத்துப்போனேன், அவர் களைக்கவில்லை. அந்தக் கோயிலில் பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பேசாமல் பூசை செய்வார். திருநீறு கொடுக்க வந்தவர் என் தோளில் தொங்கிய காலைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு அத்தானின் நெற்றியில் பூசிவிட்டு, காலுக்கும் கொஞ்சம் பூசினார். வீட்டில் வந்து சொன்னபோது அம்மாவுக்கு அதில் பெரிய திருப்தி.

வாவிக்கரையில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. பைபர் படகு திருத்துவதுதான் என் தொழில். அடுத்தநாள் காலை அக்கா அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்தா. வெடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, என்னிடம் என்ன ரெசின் இருக்கிறது, என்ன நார்த்துணி இருக்கிறது என்று கேட்டா. நான் எடுத்துக் காட்டக் காட்ட அவவின் முகம் மலர்ந்தது. படகுக்குப் போடுவதும் காலுக்குப் போடுவதும் ஏறக்குறைய ஒரே சாமான். இத்தனை வருடமாக நான் ஒரு கரையிலும் அவ மறுகரையிலும் ஒரே தொழிலைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறோம். இதை நாங்கள் இருவரும் ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை. சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா வேலையில் இறங்கினா. அவ சொல்லச் சொல்ல நான் மணல்தாளால் தேய்த்தேன். நான் ரெசினைக் கலக்க அவ துணியை வெட்டினா.

அந்த வேலைக்கு நடுவில்தான் மலையில் நடந்ததை எனக்கு முழுதாகச் சொன்னா. அத்தான் அதைத் தானாகச் சொல்வதில்லை. அவருடைய கூட்டம் ஒரு மலைச்சரிவில் ஏறும்போது மேலிருந்து துப்பாக்கிச் சூடு விழுந்தது. எல்லோரும் பாறைக்குப் பின்னால் ஒதுங்கினார்கள். இருவர் வெட்டைவெளியில் அடிபட்டுக் கிடந்தார்கள். ஒருவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மற்றவன் வயதில் சின்னவன், சத்தமே போடவில்லை. அத்தான் தவழ்ந்துபோய்க் கூப்பிட்டவரை முதலில் இழுத்து வந்தார். மறுபடி போகவேண்டாம் என்று கூட வந்தவர்கள் அவருடைய பெல்ட்டைப் பிடித்தார்கள். உதறிக்கொண்டு போனார். சின்னவனைத் தோளில் ஏற்றித் திரும்பும்போது நிலக்கண்ணி வெடித்தது. கால் போனது. துப்பாக்கிப் பட்டியால் தொடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவனை விடாமல், முழங்கையால் ஊர்ந்தே பாறைவரை கொண்டுவந்து சேர்த்தார். முதலாமவர் பிழைத்தார். சின்னவன் மலையிலிருந்து இறக்கும் வழியில் இறந்துபோனான்.

"பதக்கம் குடுத்தாங்களே, அத ஒருக்காக் காட்டச் சொல்லு," என்றேன். கொண்டுவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு.

"அது அவர்கிட்ட இல்லடா," என்றா அக்கா. "அந்தப் பொடியன்ட அம்மாட கையில குடுத்திட்டார். அவன் சத்தம் போடாம இரிந்ததாலதான் தான் அவனுக்கிட்டப் போய்ச்சேர ஏலுமா இரிந்தது எண்டு சொல்லுவார். பாதிப் பதக்கம் அவன்டதாம். பாதியா வெட்டவா ஏலும்?"

அந்தத் தாய் வடக்கே மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கிறா. அத்தான் ஒவ்வொரு வருடமும் ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் போய் அவவைப் பார்த்துவிட்டு வருவார். மலைப்பாதையில் பொய்க்காலோடு ஏறவேண்டும். அவவுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அவவின் பேச்சு அரைகுறை. ரொட்டி சுட்டுப் போடுவாவாம், இவர் சாப்பிடுவாராம், வீட்டுக் கூரையில் ஏதாவது பழுதிருந்தால் திருத்திக் கொடுத்துவிட்டு வருவாராம். அக்கா இதைச் சொல்லிக்கொண்டே துணியை அழுத்தி ஒட்டினா. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். நிறுத்தாதே, காய்ந்துவிடும் என்று ஏசினா.

ஒரு சின்னப் பிரச்சினை இருந்தது. என்னிடம் இருந்த நிறம் பச்சை மட்டும்தான், படகுப் பச்சை. நிறமில்லாமலே விட்டிருக்கலாம், நான் யோசிக்காமல் ஏற்கெனவே கலந்துவிட்டேன். காய்ந்து முடிந்தபோது அத்தானின் காலில் கெண்டைக்கால் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை பளபளத்தது. அவர் போட்டுப் பார்த்து, நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து, இனித் தண்ணீரில் விட்டால் மிதக்குமா என்று கேட்டார்.

அந்த வாரத்து நல்ல நாள் வந்தது. மாப்பிள்ளைக்கு அம்மா பட்டு வேட்டியும் சால்வையும் அனுப்பியிருந்தா. வேட்டி கட்டினால் கால் தெரியுமே என்று அத்தான் முதலில் தயங்கினார். பிறகு, பச்சைக் காலைப் பார்க்க ஊரே காத்திருக்கும்போது மறைப்பது நியாயமில்லை என்று மருமகள் சொல்ல, கட்டிக்கொண்டார். இரண்டு மேளக்காரர் முன்னால் போக, குடை பிடித்து, என் வீட்டிலிருந்து ஊர்வலம் புறப்பட்டது. இரண்டு ஒழுங்கைதான் தூரம். ஆனால் வாசலுக்கு வாசல் ஆட்கள் நின்று அவரை நிறுத்திக் கதைத்ததால் நெடுநேரமானது. பின்னால் வந்த ஓட்டோ ஒன்று முந்தமுடியாமல், கடைசியில் அதன் சாரதியும் இறங்கி ஊர்வலத்தில் நடந்தார்.

வாசலில் நிறைகுடமும் குத்துவிளக்கும். உள்ளே அக்கா சிவப்புக் கூறைச் சீலையில், என் மனைவி வைத்துவிட்ட பூவோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றா. எங்கள் முறைப்படி பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைக்கவேண்டும். நான் செம்போடு குனிந்தேன். அத்தான் பலகையில் ஏறி நின்றார். வலக்காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். இடப்பக்கம் திரும்பும்போது அவர் குனிந்து என் காதில், "மச்சான், அதை விட்டுடு. அது ரப்பர்," என்றார். குரலில் விளையாட்டில்லை. நான் செம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தேன்.

"ரெண்டையும் கழுவு மனே," என்றா அம்மா. "ரெண்டு காலாலயும்தான் மருமகன் இந்த வீட்டுக்கு வாறார்."

நான் கழுவினேன். ரப்பர் விரல்களையும், குதிக்காலையும், மேலே அக்காவும் நானும் சேர்ந்து ஒட்டிய பச்சை இடத்தையும். மண்டூரில் பூசிய திருநீறு இடுக்கில் கொஞ்சம் மிச்சமிருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது அத்தான் நேரே முன்னால் பார்த்துக்கொண்டு நின்றார், அணிவகுப்பில் நிற்பதுபோல. பெண்கள் எல்லோரும் சேர்ந்து நாக்கைச் சுழற்றிக் குரவையிட்டார்கள். எங்கள் பெண்களின் குரவை வாவிக்கு அந்தப் பக்கமும் கேட்கும். இவ்வளவு பலமான குரவையை அத்தான் முன்பு கேட்டதில்லை. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். அதோடு எல்லோரும் சிரித்தோம்.

கால் கழுவிய தம்பிக்கு மாப்பிள்ளை மோதிரம் போடவேண்டும். அதை அவருக்குச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். என் மனைவி பக்கத்தில் வந்து முணுமுணுக்க, அவர் விரல்களைப் பார்த்தார், ஒன்றும் இல்லை. கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார். பழைய, பாரமான மணிக்கூடு. மோதிரத்தைவிட இது நல்லது, நேரத்துக்கு வேலைக்குப் போவாய் என்று அம்மா சொன்னா. அத்தான் வலக்காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். அம்மா பெரிய அறைப் பூட்டின் திறப்பை அக்காவின் கையில் கொடுத்தா.

சாப்பாட்டுக்கு நடுவில் மருமகளின் போன் அடித்தது. மலையில் அத்தான் முதலில் இழுத்து வந்தாரே, அவர். வடக்கே கோதுமை விளையும் ஊர்க்காரர், தலைப்பாகை கட்டிய பெரிய மனிதர். பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக இலைக்கு முன்னால் நண்டை உடைத்துக்கொண்டிருந்த அத்தானைத் திரையில் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. தன் மனைவியையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா போனை வாங்கி, நீங்களும் ஒருமுறை வாருங்கள், உங்களுக்கும் நண்டு காய்ச்சித் தருகிறேன் என்று தமிழில் சொன்னா. அவர் தன் பாஷையில் ஏதோ நீளமாகச் சொன்னார். மருமகள் மொழிபெயர்க்க வாயெடுக்க அம்மா கையைக் காட்டி நிறுத்தினா. விளங்குகிறது என்றா. இருவரும் அப்படியே கொஞ்சநேரம் கதைத்தார்கள்.

மருமகள் வேலைக்குத் திரும்பிப் போனாள். அத்தானும் அக்காவும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தார்கள். அத்தான் விடிந்ததும் வாவிக்கரைவரை நடப்பார். என் பட்டறையில் உட்கார்ந்து படகு தேய்ப்பார். தோணியில் இருந்துகொண்டு வலை வீசப் பழகி, முதல்நாள் வலையோடு தானும் தண்ணீருக்குள் போனார். இடுப்பளவுத் தண்ணீர்தான். பொய்க்கால் கழன்று மிதந்து போக, பக்கத்துத் தோணிக்காரர் அதைத் தடியால் இழுத்துக் கொடுத்தார். மிதக்குமா என்று கேட்டாரே, மிதந்தது. பிறகு ஒருநாள் உண்மையாகவே ஒரு கூடை இறால் பிடித்துக்கொண்டு வந்து, ஒழுங்கையில் எதிர்ப்பட்ட எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அவர்கள் திரும்பும்போது அம்மா மருதமுனைக்குப் போய்க் கைத்தறிச் சீலை ஒன்று வாங்கி வந்தா. நீலத்தில் மஞ்சள் கரை. அக்காவுக்கு என்று நினைத்தேன். அம்மா அதை அத்தானின் கையில் கொடுத்து, இந்த முறை மலைக்குப் போகும்போது அந்தத் தாய்க்குக் கொடுங்கள், இங்கே ஒருத்தி தந்தாள் என்று சொல்லுங்கள் என்றா.

போன மாதம் படம் வந்தது. பின்னால் உயரமான மலை, கல்லடுக்கிக் கட்டிய சின்ன வீடு. நரைத்த தலையோடு ஒரு மெலிந்த அம்மா, தடித்த கம்பளிச் சட்டைக்கு மேலே எங்கள் மருதமுனைச் சீலையைக் கட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்கும் அத்தானின் கையைப் பிடித்திருக்கிறா. நான் அதை அம்மாவுக்குக் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்தா, சீலையைப் பார்த்தா.

"நிறம் அவவுக்கு நல்ல வடிவா இரிக்கி," என்றா. "ஆனா கொசுவம் சரியா வரல்ல. அந்தக் கம்பளிக்கு மேலால கட்டினா எப்படி வரும்?" போனை என்னிடம் திருப்பித் தந்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்க எந்தக் கடைக்குப் போகவேண்டும் என்று என்னைக் கேட்டா. நான் காத்தான்குடியில் ஒரு கடை இருக்கிறது என்றேன். சீலையை மாற்றிக்கொண்டு வருகிறேன், மோட்டார் சைக்கிளை எடு என்றா.